பின் பிரிக்காத உறை

முதல் பாட்டில் நிறைந்ததும் மதுரை ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். அந்தச் சொல் மட்டும் காதில் விழாமல் இருந்தால் தேவலை என்று டாக்டர் ஞானராஜ் நினைத்துக்கொண்டிருந்தார். முதலில் நர்ஸ் சொன்னாள், பிறகு மயக்கமருந்து டாக்டர் சொன்னார், கடைசியில் நுரையீரலைக் கழுவும் வேலையைச் செய்துகொண்டிருந்த டாக்டர் ரெஹானாவே முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டு, “பால் மாதிரியே இருக்குல்ல சார்?” என்று அவரிடம் கேட்டாள். அவர் தலையை ஆட்டிவைத்தார். மேஜையில் செண்பகவல்லி மயக்கத்தில் கிடந்தாள். தொண்டை வழியாக இரட்டைக் குழாய் இறக்கியிருந்தார்கள். ஒரு குழாயில் வலது நுரையீரல் மூச்சு வாங்கி விட்டுக்கொண்டிருக்க, இன்னொன்றின் வழியாக இடது நுரையீரலுக்குள் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஒரு லிட்டர் போகும். பிசியோதெரபிஸ்ட் இரண்டு கைகளையும் குவித்து அவள் நெஞ்சைத் தட்டுவார். குழாயைக் கீழே தாழ்த்தியதும் தண்ணீர் திரும்பி வரும், வெள்ளை வெளேரென்று. நுரையீரலின் காற்றறைகளுக்குள் புரதமும் கொழுப்புமாக ஒரு கசடு தேங்கி அடைத்துக்கொள்கிற வியாதி. பத்து லட்சம் பேரில் ஏழெட்டுப் பேருக்கு வந்தால் அதிகம். ஞானராஜ் இதைப் படிக்கிற காலத்தில் பரீட்சைக்காகப் படித்தார், பரீட்சையில் வரவில்லை, மறந்தார். முப்பது வருஷ நெஞ்சு வைத்தியத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று நேற்று ராத்திரி போனில் ரெஹானாவிடம் சொன்னார். “அப்ப கண்டிப்பா வாங்க சார், உங்க பழைய பேஷண்ட்தான், லைஃப்ல ஒரு தடவதான் இப்படிப் பாக்க முடியும்” என்றாள் அவள். பார்த்ததில்லை என்று சொன்னது பொய் என்பது இன்று காலை ஒன்பது மணிக்குத்தான் அவருக்கே தெரிந்தது. பார்த்திருக்கிறார். பதினான்கு மாதங்களுக்கு முன்னால், கோவில்பட்டியில், தன்னுடைய சொந்தக் கிளினிக்கில், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நன்றாகவே பார்த்திருக்கிறார். தட்டும் சத்தம் நின்றது. இரண்டாவது பாட்டிலை நர்ஸ் முதல் பாட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

பச்சைத் தியேட்டர் சட்டையின் பையில் ஒரு காகிதம் நான்காக மடிந்து கிடந்தது. ஏசிக் குளிரிலும் அந்த இடம் மட்டும் வேர்ப்பதாக அவருக்குப் பட்டது. உண்மையில் வேர்க்கவில்லை, இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டார். ஞானராஜ் படம் பார்க்கிற விதம் கோவில்பட்டி வட்டாரத்தில் பிரசித்தம். எக்ஸ்ரேயோ ஸ்கேனோ, பெரிய கவரிலிருந்து படத்தை உருவுவார், சுவரில் விளக்குப் பெட்டி இருந்தாலும் அதைச் சட்டை செய்யாமல் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார், ஐந்து எண்ணுவதற்குள் சொல்லிவிடுவார். கூடவே வரும் ரிப்போர்ட்டை, அது தனி உறையில் வாய்க்கு இரண்டு பின் அடித்து வரும், தொடக்கூட மாட்டார். “ரிப்போர்ட் எழுதுறவன் இருட்டு ரூம்ல உக்காந்துருக்கான், நோயாளி மூஞ்சியப் பாத்தானா அவன்?” என்பார். ஜனங்களுக்கு அதில் ஒரு பெருமை. ரிப்போர்ட்டே பாக்காமச் சொல்லிட்டாருப்பா என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் வரும், வருவது அவருக்குப் பிடிக்கும். இன்று காலை ரெஹானா பழைய ஃபைலை அவரிடம் தள்ளி, “நான் புதுசா ஸ்கேன் எடுத்துட்டேன் சார், பழசப் பிரிக்கவே இல்ல, நீங்க ஒரு பார்வ பாத்துருங்க” என்று சொல்லிவிட்டுத் தியேட்டருக்குப் போனாள். டூட்டி ரூமில் தனியாக உட்கார்ந்து அவர் கவரைத் தூக்கியபோது உறை விழுந்தது. இரண்டு பின்னும் அடித்தபடியே இருந்தன. லேசாகத் துருப்பிடித்திருந்தன. நகத்தால் நெம்பியதில் விரல் நுனி கிழிந்தது. உள்ளே இங்கிலீஷில் ஆறே வரி. கடைசி வரியை அவர் எத்தனை தரம் படித்தார் என்று அவருக்கே தெரியாது. இது காசநோய்க்குரிய தோற்றம் அல்ல, நுரையீரலில் புரதம் தேங்கும் அபூர்வ நோயாக இருக்கலாம், கழுவி எடுத்துச் சோதிப்பது நல்லது. கீழே கையெழுத்து, தேதி. இருட்டு ரூம்காரன் நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே சரியாகச் சொல்லியிருந்தான். ஞானராஜ் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் வைத்துக்கொண்டார்? பத்திரமாக இருக்கட்டும் என்று. யாருக்குப் பத்திரம்? இந்தக் கேள்விக்கு அப்போதிலிருந்து அவர் வேறு வேறு பதிலாகச் சொல்லிப் பார்க்கிறார், எதுவும் அவருக்கே ஒப்பவில்லை.

அன்றைக்கு அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது நினைவுக்கு வராமல் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். ஒரு நாளைக்கு நூற்றிருபது பேரைப் பார்க்கிறவருக்கு ஒரு முகம் நினைவில் இருக்கக் கூடாது, அதுதான் நியாயம். இருக்கிறது. நாலு மாசக் கைக்குழந்தையோடு வந்தாள், ஒரு பக்கம் மாமியார், இன்னொரு பக்கம் அப்பா குருசாமி, கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர், முழங்கை வரை சூட்டுத் தழும்பு. மூன்று மாதமாக மூச்சு வாங்குகிறது, மெலிந்துகொண்டே போகிறாள், லேசான இருமல். சளியைப் பரிசோதித்ததில் ஒன்றுமில்லை, மூன்று தரமும் இல்லை. படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை. நெஞ்சில் வெள்ளை, உடம்பு மெலிவு, இருமல் என்றால் நம் ஊரில் வேறு என்ன, முப்பது வருஷத்தில் பத்துக்கு எட்டு அதுதானே? பத்துக்கு எட்டு என்பதுதான் அவரைக் கெடுத்தது. “சளியில வராட்டியும் உள்ள இருக்கும்” என்று சொன்னார். சொல்லும்போதே அடுத்த சீட்டுக்கு மணி அடித்திருந்தார், கதவு பாதி திறந்திருந்தது. அதற்குமுன் ஒரு கேள்வி கேட்டார், எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், “குடும்பத்துல யாருக்காவது டிபி இருந்துச்சா?” மாமியார் உதட்டைப் பிதுக்கினாள். குருசாமி பொய் சொல்லத் தெரியாத மனுஷன், “எங்கய்யாவுக்கு இருந்துச்சு சார், நான் சின்னப் பையனா இருக்கையில” என்றார். மாமியார் மெல்ல அவர் பக்கம் திரும்பியதை ஞானராஜ் பார்த்தார். பார்த்துக்கொண்டே எழுதினார். அந்தத் திரும்பலில் என்னவெல்லாம் இருந்தது என்று அப்போது யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. ஒருவேளை நேரம் இருந்ததோ? நோயை மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சானது அவருக்கு அடுத்தடுத்த மாதங்களில் தெரியவந்தது. அது குடும்ப விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டார். பிறகு அவர் சொன்னார், குழந்தையைத் தள்ளி வையுங்கள், தாய்ப்பால் வேண்டாம். டிபியே ஆனாலும், சளியில் கிருமி இல்லாதவள் பால் கொடுக்கலாம், அது நேற்றுப் படித்து முடித்த டாக்டருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று சொன்னதுதான். எதற்கும் இருக்கட்டும். அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். “சார், இன்னிக்கு ஒரு தடவ மட்டும் குடுத்துட்டு நிறுத்திக்கிறட்டா?” என்று கேட்டாள். “வேண்டாம்மா, ரிஸ்க்” என்றார் ஞானராஜ். மாமியார் அவள் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அடுத்த சீட்டுக்காரர் உள்ளே வந்துவிட்டார், பீடிக் கம்பெனி ஆள், அவருக்கு நிஜமாகவே டிபி.

நாலாவது பாட்டில், ஐந்தாவது. தப், தப், தப் என்று நெஞ்சைத் தட்டுகிறார்கள், குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஏப்பம் வரத் தட்டுகிற மாதிரி, இல்லை, அந்த மாதிரி இல்லை, வேறு எந்த மாதிரியாவது யோசிக்க வேண்டும். குழந்தையைத் தூத்துக்குடியில் புருஷனின் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புருஷன் ஓசூரில் வேலை, வருஷத்துக்கு இரண்டு தரம் வருகிறவன், அவன் அம்மா சொன்னதற்கு மேல் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. செண்பகவல்லி அப்பா வீட்டுக்கு வந்து மாத்திரை விழுங்கினாள். ஆறு மாதம். சிறுநீர் சிவப்பாகப் போகும், குமட்டும், சாப்பாடு இறங்காது, மூச்சு மட்டும் தேறவே இல்லை. தேறவில்லை என்றதும் நாம் சொன்னது தப்போ என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் தோன்றியிருக்கலாம் அல்லவா? அவருக்குத் தோன்றியது என்னவென்றால், இந்தப் பெண் ஒழுங்காக மாத்திரை போடுவதில்லை. அதை அவளிடமே சொன்னார், கொஞ்சம் கோபமாகவே சொன்னார். குருசாமி மறுநாள் காலி மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து அவர் மேஜையில் கொட்டினார், கோபத்தில் இல்லை, சாட்சிக்கு. அதைப் பார்த்தபிறகும், அப்படியானால் மருந்துக்கு மசியாத ரகம் என்று முடிவுகட்டி இரண்டு மாதம் தினம் ஒரு ஊசி எழுதினார். அந்த உறை அந்த மேஜையில், அதே ஃபைலில், அட்டைகளுக்கு அடியில் கிடந்திருக்கும். கையை நீட்டினால் எட்டுகிற தூரம். இப்படி இன்னும் எத்தனை உறைகள்? எட்டயபுரத்தில், கழுகுமலையில், விளாத்திகுளத்தில், ரேஷன் கார்டோடும் பத்திரத்தோடும் பீரோவில் வைத்துப் பூட்டிய உறைகள், பின் பிரிக்காதவை, முப்பது வருஷத்து உறைகள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க முடியுமா? யாரைப் போய் எங்கே தேடுவது? இந்த ஒன்றே போதும், ஆண்டவரே, இந்த ஒன்றைக் கடந்துவிட்டால் போதும். பையில் இருப்பதை வெளியே போகும்போது கிழித்துக் கழிப்பறையில் போட்டால் இந்த ஒன்று முடிந்தது. வேறு யாருக்கும் தெரியாது. ஸ்கேன் சென்டர் கம்ப்யூட்டரில் இருக்குமோ? இருக்கட்டும், யார் போய்க் கேட்கப் போகிறார்கள். “சார், டிபி-யோட சேர்ந்தும் இது வரும்னு புக்ல இருக்குல்ல?” என்று ரெஹானா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். “டிபி இருந்துச்சு, நீங்க ட்ரீட் பண்ணிட்டீங்க, இது கூடவே வந்துருக்குன்னு கேஸ் ரிப்போர்ட்ல எழுதிக்கலாம்.” அவளுக்குத் தெரியுமோ? தெரிந்துதான் தப்பிக்கக் கதவைத் திறந்து வைக்கிறாளோ? இல்லை, வெள்ளை மனசாகத்தான் கேட்கிறாளோ? முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. “எழுதிக்கலாம்” என்றார் ஞானராஜ். அவர் குரல் அவருக்கே நன்றாகத்தான் கேட்டது.

பதினோராவது பாட்டிலில் வெள்ளை குறைந்து கஞ்சித் தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. வரிசையில் முதல் பாட்டிலிலிருந்து கடைசிப் பாட்டில் வரை பார்த்துக்கொண்டு வந்தால் மனசு கொஞ்சம் லேசானது, அது அவருக்கே வெட்கமாக இருந்தது. அவள் பிழைத்துக்கொள்வாள், அதுதானே முக்கியம்? இன்னும் இரண்டு வாரத்தில் அடுத்த பக்கத்தையும் கழுவுவார்கள், படி ஏறுவாள், தண்ணீர்க் குடம் தூக்குவாள். நடந்தது நடந்துபோச்சு. காசநோய் குணமாகிவிட்டது, அதன்பின் வேறொன்று வந்தது, அதையும் மதுரையில் சரிசெய்துவிட்டார்கள். இந்தக் கதையில் யாருக்கு என்ன நஷ்டம்? குழந்தையும் திரும்பி வந்துவிடும். பதினெட்டு மாசக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது, அத்தையை அம்மா என்று கூப்பிடுகிறதாம், கூப்பிட்டால் என்ன, மாற்றிக்கொள்ளும். மாற்றிக்கொள்ளுமா? அவருக்கு நின்று நின்று கால் வலித்தது. ரெஹானாவிடம் தலையசைத்துவிட்டு, உடை மாற்றும் அறைக்கு வந்து, தன் சட்டையைப் போட்டுக்கொண்டார். காகிதத்தைப் பச்சைச் சட்டையிலிருந்து எடுத்தார். அறையிலேயே கழிப்பறை இருந்தது, கதவு திறந்தே இருந்தது. ஒரு நிமிஷம் அங்கேயே நின்றார். பிறகு காகிதம் எப்படியோ தன் சட்டைப் பைக்குள் போயிருந்தது, அதைத் தைரியம் என்று சொல்ல முடியாது, முடிவெடுக்கச் சோம்பிய கை செய்த வேலை. வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் குருசாமி. டாக்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“எப்படி சார் இருக்கா?”

“நல்லாப் போய்க்கிட்டிருக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல. உக்காருங்க.”

குருசாமி உட்காரவில்லை. கும்பிட்டுக்கொண்டே ஏதோ சொல்ல வருவதும் நிறுத்துவதுமாக இருந்தார். முதலிலேயே ஏன் தெரியவில்லை என்று கேட்டுவிடப் போகிறார் என்று ஞானராஜ் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்.

“சார், ஒரு ஒதவி. டிபி சரியாப் போச்சுன்னு ஒங்க கைப்பட ஒரு வரி எழுதித் தரணும். தூத்துக்குடியில காட்டித்தான் பாப்பாவக் கேக்கணும். வெறும் வாய்ப்பேச்சுக்குத் தர மாட்டாங்க.”

அவ்வளவுதானா என்று இருந்தது ஞானராஜுக்கு. சந்தோஷமாகவே இருந்தது என்றுகூடச் சொல்லலாம். கைப்பையிலிருந்து லெட்டர் பேடை எடுத்தார், ஜன்னல் திண்டில் வைத்து எழுதினார். மேற்படி செண்பகவல்லிக்கு இருந்த காசநோய் முற்றிலும் குணமாகிவிட்டது, குழந்தையுடன் சேர்ந்து இருக்கலாம். கையெழுத்து, முத்திரை. தாளைக் கிழித்துக் கொடுத்தார். குருசாமி எழுத்துக்கூட்டி வாசித்தார், முகம் மலர்ந்தது.

“இது போதும் சார். நான் போயிக் கூட்டிக்கிட்டு வந்துருவேன். நான் தூக்க மாட்டேன், அவங்க வீட்டுக்குள்ளயும் போக மாட்டேன். எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கூட வாரான், அவன் தூக்கிக்குவான்.”

“ஏன், நீங்க தூக்கினா என்ன?”

“எங்கிட்டருந்துதான சார் போச்சு?” குருசாமி இதைச் சாதாரணமாகச் சொன்னார், ஊரறிந்த விஷயத்தைச் சொல்கிற குரலில். “எங்கய்யா எனக்குக் குடுத்தாரு, நான் எம் மகளுக்குக் குடுத்துட்டேன். நீங்க அன்னிக்குக் கேட்டீங்கள்ல, குடும்பத்துல யாருக்காவதுன்னு. அப்பத்தான் எனக்கே வெளங்குச்சு. அன்னையிலருந்து நான் கம்பெனிக் கொட்டகையிலதான் படுக்கேன் சார், அவ இருக்க வீட்டுல படுக்கிறதில்ல. தட்டு டம்ளர் எல்லாம் தனி.”

பதினான்கு மாதம் என்று ஞானராஜின் மனசு தானாகக் கணக்குப் போட்டது. பாகு காய்ச்சுகிற கொட்டகை, அந்த அனலில், தன் பெண்ணைக் காப்பாற்றுவதற்காகத் தன்னைத் தள்ளி வைத்துக்கொண்டு ஒரு மனுஷன். இது என்னுடையது, இந்தப் பாவம் என்னுடையது, இவர் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார், கொடுங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கை மட்டும் நீண்டது.

“அந்தத் தாளக் குடுங்க.”

குருசாமி பயந்துபோய்க் கொடுத்தார். ஞானராஜ் அதை இரண்டாகக் கிழித்தார். தன் பையிலிருந்த நான்காக மடித்த காகிதத்தை எடுத்து விரித்துப் பிடித்தார்.

“குருசாமி, இது உங்க ஃபைல்ல இருந்தது. நீங்க முதல்ல வந்த அன்னிக்கே வந்த ரிப்போர்ட். நான் பிரிச்சே பாக்கல. உங்க பொண்ணுக்கு டிபி இல்ல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. இப்ப உள்ள கழுவுறாங்களே, அதுதான் அப்பவும். இது யாருக்கிட்டருந்தும் யாருக்கும் ஒட்டாது. உங்கய்யாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. தப்பு என்னோடது.”

குருசாமி காகிதத்தைப் பார்த்தார். இங்கிலீஷ், ஒன்றும் புரியாது, ஆனாலும் மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“அப்ப நான் குடுக்கலியா சார்?”

“இல்ல.”

“எம் மக மாத்திர போட்டதெல்லாம்?”

“தேவையில்லாதது.”

“பாப்பாவுக்குப் பால நிறுத்துனது?”

அதுவும் தேவையில்லாதது என்று ஞானராஜ் தலையை அசைத்தார். அடிப்பார் என்று நினைத்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார், நாலு பேர் ஓடிவந்து பிடிப்பார்கள், போலீஸ், பேப்பரில் பேர், அதெல்லாம் வரட்டும். குருசாமி அடிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். தழும்பேறிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா, இல்லை வேர்வையா என்று ஞானராஜுக்குத் தெரியவில்லை.

“எழுதுங்க” என்றார் குருசாமி. பேச்சிலிருந்து ‘சார்’ என்ற சொல் போய்விட்டிருந்தது. “இருந்ததே இல்லன்னு எழுதுங்க. சரியாப் போச்சுன்னு போட்டா, இருந்துச்சுன்னுதான அர்த்தம்? மறச்சுக் கட்டிக் குடுத்தான்னுதான பேசுவாங்க? நீங்க தப்பாச் சொல்லிட்டீங்கன்னும் எழுதுங்க. அது இல்லாட்டி ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

ஞானராஜ் எழுதினார். இவருக்குக் காசநோய் ஒருபோதும் இருந்ததில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்காமல் நான் தவறாகச் சிகிச்சை அளித்தேன். முப்பது வருஷத்தில் இத்தனை நிதானமாக, இத்தனை தெளிவான எழுத்தில் அவர் எதையும் எழுதியதில்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினார். குருசாமி வாங்கவில்லை.

தியேட்டர்க் கதவைத் திறந்துகொண்டு ரெஹானா எட்டிப் பார்த்தாள். “முடிஞ்சது சார், கடைசி பாட்டில் தெளிவா வந்துருச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல முழிச்சுருவா. ஐசியூவுக்கு வந்து பாருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குருசாமி எழுந்தார். தாளை ஞானராஜின் கையிலேயே விட்டுவிட்டு, அவரைப் பார்த்துச் சொன்னார்.

“எனக்கு வேண்டாம், மொதல்ல எம் மகளுக்குத் தெரியணும். அவ முழிச்சதும் பக்கத்துல நின்னு நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லணும். நீங்க போட்ட ஊசிக்குப் பெறகு அவளுக்குக் காது சரியாக் கேக்கிறதில்ல.”